நான்கில் அடங்காத தாளம்

மறுநாள், கில்பர்ட்டின் மனைவி லீனா இறந்த வருஷப் பூசை. கோயிலிலிருந்து சொந்தபந்தமெல்லாம் லிங்கராஜபுரத்து வீட்டுக்கு வந்து, செபமாலை சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். செபமாலைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் என்ன பாட்டு என்பதில்தான் அப்பனுக்கும் மகனுக்கும் இழுபறி. கில்பர்ட் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். இரங்கல் பாட்டு மூன்றை எடுத்து வைத்துவிட்டார். ஆண்ட்ரூவோ, தன் ராக் கோஷ்டி புதிதாகப் போட்டிருந்த ஆல்பத்தை ஓடவிட வேண்டும் என்றான்.

“செத்தவளுக்கு செபம் சொல்ற எடத்துல டிரம்ஸா?”

“ஒரே ஒரு வாட்டி முழுசா கேளுங்க டாடி. நடுவுல எழுந்து போகக் கூடாது. புடிக்கலன்னா வுட்ருவோம், நான் அப்பறம் பேசவே மாட்டேன்.”

பேசவே மாட்டானாம். இப்போது மட்டும் என்ன பேசிக் கிழிக்கிறான்? அடக்கத்தன்று அந்தப் பிள்ளை கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்றான். கல்லறைத் தோட்டத்து கேட்டில் வைத்து, மைத்துனி மௌரீன் காதுபட, “பெத்தவ போயிட்டா, உனக்கு அழக்கூட வரல. கல்லுடா நீ” என்று கில்பர்ட் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் கேஸ் சிலிண்டரும் தண்ணி மோட்டாரும்தான் பேச்சு. சொன்னது அதிகப்படி என்று அவருக்கும் தெரியும். ஆனால் அழாதது அவன்தானே.

சாயங்கால வெயில் ஜன்னலில் இருக்கும்போதே ஆண்ட்ரூ ஸ்பீக்கரை மேசைமேல் வைத்தான். கில்பர்ட் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்தார். குறை கண்டுபிடிக்கத் தயாராகத்தான் உட்கார்ந்தார்.

அவர் எதிர்பார்த்த இரைச்சல் வரவில்லை. கீபோர்டில் ஒரு தாழ்ந்த சுரம் மட்டும் வெகுநேரம் நின்றது. அதன்மேல் கிதார் சின்னதாக ஒரு மெட்டு வாசித்துவிட்டு ஒதுங்கியது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடமே தெரியவில்லை. இரண்டாவதில் அதே மெட்டு கீபோர்டில், ஒரு படி இறங்கி வந்தது. பரவாயில்லையே, யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தார். நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. மூன்றாவதில் டிரம்ஸும் கிதாரும் சேர்ந்து வீட்டையே ஆட்டின. “பாத்தியா?” என்பதுபோல் மகனைப் பார்த்தார். அவன் தலை நிமிரவில்லை.

நான்காவதில் எல்லாம் அடங்கி, ஒரு தாளம் மட்டும் மிஞ்சியது. ஆர்கன்காரருக்குக் கால் சும்மா இருக்காது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டினார். தப்பியது. மறுபடி தட்டினார். மறுபடி தப்பியது.

“உன் டிரம்ஸ்காரன் தாளம் வுடறான்.”

“வுடல டாடி. எண்ணாதீங்க. சும்மா கேளுங்க.”

எண்ணாமல் கேட்டார். டக். தப். பிறகு, இழுபடும் ஒரு சர்ர். கொஞ்சம் நின்று, மறுபடியும் டக்.

படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு. பக்கவாதம் வந்தபின் லீனா நடந்த நடை. கைத்தடி, நல்ல கால், இழுத்துக்கொண்டு வரும் கால், மூச்சு வாங்க ஒரு நிற்பு. அவள் விழுந்துவிடுவாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தவர் தான் ஒருவர் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். பக்கத்து அறையில் இவனும் தூங்காமல்தான் கிடந்திருக்கிறான்.

“லீனா,” என்றார்.

ஆண்ட்ரூ தலையை மட்டும் ஆட்டினான்.

கடைசிப் பாட்டில் அந்த நடைமேல் கிதார் ஏறியது. முதல் பாட்டின் மெட்டேதான். இப்போது அது அவளோடு கூடவே, அவள் வேகத்துக்கே நடந்தது. அவளை அவசரப்படுத்தவே இல்லை. கில்பர்ட் எத்தனையோ தடவை அவசரப்படுத்தியிருக்கிறார். திடீரென்று எல்லாம் நின்றது. கோயில் பழக்கம், கட்டைக் குரலில் “ஆ...மென்” என்று இழுத்துப் பாடிவிட்டார்.

பாட்டு முடியவில்லை. எங்கோ தூரத்தில், டக்.

வெட்கத்தில் முகம் சுருங்கிப் போனார். ஆண்ட்ரூ சிரிக்கவில்லை. அவன் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை.

கிதார் இல்லை, குரல் இல்லை. நடை மட்டும் வந்துகொண்டிருந்தது. கில்பர்ட்டின் காலுக்கு இப்போது கணக்குப் பிடிபட்டுவிட்டது. டக். தப். சர்ர். டக். தப். சர்ர். டக். தப்.

அவ்வளவுதான். இழுபடும் கால் வரவில்லை. அதற்காகத் தூக்கிய கில்பர்ட்டின் கால் அந்தரத்தில் நின்று, பிறகு தனியாகத் தரையில் இறங்கியது. அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

எழுந்து வந்து மகனின் தலையில் கையை வைத்தார். “கல்லுன்னு சொன்னேனே,” என்றார்.

“வுடுங்க டாடி.”

அவர் மேசைமேல் எடுத்து வைத்திருந்த பாட்டுப் புத்தகத்தை அலமாரியில் திருப்பி வைத்தார்.

“நாளைக்கு இதையே போடு. ஆனா மௌரீன் ஆன்ட்டிகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிரு. நடுவுல நின்னாலும் சரி, கடைசில நின்னாலும் சரி, யாரும் ஆமென் சொல்லக் கூடாது.”