சுவரில் ஏறிய பெயர்

ஒரகடம் பக்கத்துப் பழைய சிவன் கோவிலில், சுவர்க் கீறல்களைக் கல்பொடிக் கலவையால் அடைக்க ஆள் கேட்டார்கள். பேக்டரி விடுமுறையில் தென்றலும் போனாள். எல்லாம் காதல் ஜோடிகள் சாவியால் கீறிய பெயர்கள். பூசிப் பூசி விரல் எரிந்தபோது, ‘பிரவீன் – தென்றல்’ என்று ஒரு கீறலைப் பார்த்தாள். கணவனின் கோணல் எழுத்தேதான்.

போன் போட்டு அவனை வரவழைத்தாள்.

“இன்னாய்யா இது?”

“நீ ஓகே சொல்லாம இழுத்தடிச்சியே, அப்போ வேண்டிக்கினு எழுதுனது.” அவன் அதே கல்லின் அடிப்பக்கத்தைக் காட்டினான். அதில் இரண்டு பாதங்களின் வடிவமும், பழைய எழுத்தில் ஒரு பெயரும் இருந்தன. “நானூறு வருசம் முன்னாடி சாமி பாக்க வந்தவன் கீறுனதாம். அவன மட்டும் யாரும் திட்டல.”

“அவன் பொண்டாட்டி இங்க வந்து சுவத்துக்குப் பூசிக்கினு நிக்கல!”

வேலையைக் கவனித்த தொல்லியல் அதிகாரி தேவிப்பிரியா குனிந்து பார்த்தார். பிரவீனின் கீறல் அந்தப் பழைய பெயரின் மேலேயே ஏறியிருந்தது.

“இதைத் தொடாதீங்க. அடைச்சா பழைய எழுத்தும் மூடிடும்.”

“அப்போ எங்க பேரு, மேடம்?”

“இருக்கட்டும். வேற வழியில்ல.”

தென்றல் தலையில் அடித்துக்கொண்டாள். பிரவீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் கலவைச் சட்டியை அவன் கையில் திணித்தாள்.

“பல்ல காட்டாத. மீதிச் சுவரு மொத்தமும் நீயே பூசு.”

அவன் பொழுது சாயும்வரை பூசினான்.