பத்தாவது ரீபவுண்டு

என் அண்ணனுக்குக் கூடைப்பந்தில் ஒன்றும் தெரியாது. வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. நான் புள்ளிவிவர மேசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன், அவன் என் தலைக்குப் பின்னால் நின்று கத்துகிறான்.

“ரெண்டு கையாலயும் பிடிடி! தட்டாதே! தட்டினா நெட்டைக்குப் போயிடும்!”

கத்தல் அவன் மகளுக்கு. கூடையில் விழாமல் திரும்புகிற பந்தைக் கைப்பற்றினால் ஒரு ரீபவுண்டு. இன்று பத்து எடுத்தால் பயிற்சி முகாமில் இடம் என்று தேர்வாளர் சொல்லியிருந்தார். நெட்டை என்பது அதே அணியில் ஆடும் உயரமான பெண்; அவளுக்குப் போன வாரமே இடம் கிடைத்துவிட்டது. இவளுக்கு இதுதான் கடைசி ஆட்டம்.

இடைவேளையில் பொறுக்க முடியாமல் சொன்னேன். “தட்டினாலும் கணக்கு உண்டுண்ணே. கூட இருக்கறவளைப் பார்த்துத் தட்டிவிட்டா தட்டினவளுக்குத்தான் எழுதுவோம். தெரியாம கையில பட்டுப் போனாத்தான் பிடிச்சவளுக்கு.”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு.”

பதினாறு வருஷமாக இந்த மேசையில் உட்காருகிறேன். எனக்குத் தெரியாதாம்!

கடைசி நிமிடத்தில் அவள் கணக்கு ஒன்பது. எதிரணி எறிந்த பந்து வளையத்தில் பட்டு எகிறியது. இரண்டு பேர் அவளை நெருக்கிக்கொண்டு குதித்தார்கள். அவள் நெட்டை நிற்கும் இடத்தை ஒரு பார்வை பார்த்தாள், விரல் நுனியால் அங்கேயே தட்டிவிட்டாள். நெட்டை மறுமுனைக்கு ஓடிக் கூடையில் போட்டாள். ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள்.

எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அண்ணன் மகளாயிற்றே. சொந்தக்காரர் விஷயம் என்றால் தாளில் அந்த இடத்தில் வட்டம் மட்டும் போட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிடுவது எங்கள் மேசையின் வழக்கம். விட்டேன்.

“பார்த்துத் தட்டின மாதிரிதான் இருக்கு மேடம். எதுக்கும் அந்தப் பொண்ணையே ஒரு வார்த்தை கேட்டுடலாம்” என்று பக்கத்து இருக்கைக்காரர் அவளைக் கூப்பிட்டார்.

சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். அவளுக்கு முன்னால் அண்ணன் பாய்ந்து வந்தான்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஏன்டி தட்டின?”

அவள் சிரிப்பு செத்துப்போனது. “வேணும்னு தட்டலப்பா. தெரியாம கை பட்டுடுச்சு.”

பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல முடியும்? அவள் வாயாலேயே சொன்ன பிறகு நான் மறுத்தால், அத்தைக்காரி பரிந்து பேசுகிறாள் என்பார்கள். அவர் நெட்டையின் கணக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேர்வாளர் தாளை வாங்கிக்கொண்டு போனார்.

“எத்தனை?” என்றான் அண்ணன்.

“ஒன்பது. பார்த்துத்தான் தட்டினேன்னு அவ சொல்லியிருந்தா பத்து.”

“அடிப்பாவி! இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

கையிலிருந்த பேனாவை அவன்மேல் வீசியிருப்பேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பார்த்துத்தான் அத்தை தட்டினேன். அப்பா திட்டுவாரேன்னு...”

“தெரியும்டி. நான் பார்த்தேன்.”

அண்ணன் வாயை மூடிக்கொண்டு நின்றான். அதற்கு இப்போதுதான் அவனுக்கு நேரம் வந்ததாம்.