வெறும் கவர்

பங்குதாரர் கூட்டத்துக்கான நோட்டீஸை நானே அடித்து, நானே மடித்து, நானே கவரில் போட்டேன். ஒரு கவரில் மட்டும் போடவில்லை. அது முதலாளியின் அக்காவுக்குப் போனது. "எனக்கு ரெண்டு நோட்டீஸ் வந்திருக்கு, ரெண்டு தடவை வரணுமாய்யா?" என்று ஆடிட்டர் கேட்டபோதுதான் சந்தேகம் தட்டியது. பட்டியலில் அவருக்கு அடுத்த பெயர் அக்காவுடையது. எங்கள் குடை கம்பெனி மழையை நம்பி நடக்கிறது. என்னை நம்பி நடந்திருந்தால் என்றைக்கோ நனைந்திருக்கும்.

கூட்டம், அவர்கள் அப்பா கட்டிய பட்டறையை விற்பதற்கு. அக்காவுக்கும் பங்கு உண்டு. எந்தத் தேதியில், எதை முடிவு செய்யப்போகிறோம் என்று சட்டப்படி முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். அவரோ பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார். வெறும் காற்றை.

வக்கீலிடம் கேட்டேன்.

"கையெழுத்து இருக்குல்ல? செல்லும்னும் சொல்லலாம், செல்லாதுன்னும் சொல்லலாம்."

"நீங்க என்ன சார் சொல்றீங்க?"

"கேக்கறது யாருங்கறதைப் பொறுத்தது."

முதலாளியும் அக்காவும் பேசி வருஷக்கணக்காகிறது. "வாங்கிட்டால்ல, விடுய்யா. பாத்துக்கலாம்" என்றார் முதலாளி.

விட்டிருப்பேன். எனக்கும் அலுத்துப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவே போன் செய்தார்.

"தம்பி, பிரிச்சுப் பாத்தேன், உள்ள ஒண்ணுமில்ல. எங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பியிருக்கானா?"

"இல்லம்மா, என் கைத்தவறு."

நம்பவில்லை. என் வேலைத் திறமையை அவ்வளவு உயர்வாக மதித்த ஒரே ஆள் அவர்தான்.

கேட்டதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். துடைத்த மூக்குக்கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"பிரிண்டர்ல மை இருக்கா?"

"இருக்கு சார். அதே தேதியா?"

"தள்ளிப் போட்டுத் தொலை. அவளுக்குத் தபால் வேணாம், நீயே கொண்டுபோய்க் குடு."

வாசலில் நின்றபடியே அக்கா முழுவதும் படித்தார்.

"'அறிவிக்கப்படுகிறது'ன்னு இருக்கு. வான்னு எங்கயும் இல்லையே?"

"நோட்டீஸ்ல அப்படித்தாம்மா போடணும்."

"அவன் வாயால என்ன சொன்னான்?"

"பிரிண்டர்ல மை இருக்கான்னு கேட்டாரும்மா."

"அதைக் கேட்டானா?" என்று தாளை மடித்தார். சிரித்த மாதிரி இருந்தது. சத்தியம் செய்ய மாட்டேன்.

"கூட்டத்துக்கு வருவீங்களாம்மா?"

"வருவேன். விக்கக் கூடாதுன்னுதான் ஓட்டுப் போடுவேன்."