மாடிச் சமையலறை

தபாலாபீஸ் கட்டடத்துக்கு நூறு வயதானதை விழாவாக எடுத்தார்கள். முன்னாள் போஸ்ட்மாஸ்டர்தான் சிறப்புப் பேச்சாளர். வளைவுகள், தேக்குப் படிக்கட்டு, மணிக்கூண்டு என்று அளந்துகொண்டே போனவர், "இங்க ராஜா மாதிரி குடியிருந்தேன்" என்றபோது கைதட்டல் ஓயவே இல்லை.

முன்வரிசையிலிருந்த அவர் மனைவி எழுந்து மாடிக்குப் போனாள். கைப்பிடியைப் பிடித்து, மூச்சு வாங்க நின்று நின்றுதான் ஏற முடிந்தது.

அந்த மாடி மனிதர்களுக்காகக் கட்டியதல்ல. பழைய கோப்புகளைப் போட்டுவைக்கக் கட்டியது. காகிதத்தில் சாரல் படக்கூடாதென்று பின்னறைக்கு ஜன்னலே வைக்கவில்லை. பிற்பாடு மாடியைப் போஸ்ட்மாஸ்டர் வீடாக்கியபோது, அந்த அறை சமையலறையானது. விறகுப் புகையில் அவள் இருமாத நாளில்லை. ஒரு ஜன்னல் கேளுங்கள் என்று கணவனை நச்சரித்தாள். "கேக்காமலா இருக்கேன்? சுவரைத் தொடக்கூடாதுங்கறாங்க" என்பார். முகம் தெரியாத மேலதிகாரியை அவள் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள்.

இப்போது அந்த அறையில் பார்சல் மூட்டைகள். காவலுக்கு உட்கார்ந்திருந்த பழைய தபால்காரர் எழுந்து நின்றார்.

"வாங்கம்மா. ஐயா மாதிரி ஆள் வராதும்மா. அப்ப நீங்க ஊருக்குப் போயிருந்த சமயம், மேலதிகாரி இங்க வந்து, ‘இருட்டா இருக்கே, ஜன்னல் வச்சுடலாமா’ன்னு அவராவே கேட்டாரு. ஐயா, ‘எதுக்கு சார் வீண் செலவு, எங்களுக்கு இதுவே தாராளம்’னுட்டாரு. தங்கமான மனுஷன்!"

அவளுக்குச் சுருக்கென்றது. உடனே கீழே இறங்கினாள்.

ஆட்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஜன்னல் வைக்கறோம்னு அவங்களே சொன்னாங்களாமே?"

அவர் நினைவில்லாதவர் போல நெற்றியைத் தேய்த்தார். பிறகு, "ப்ரமோஷன் வர்ற நேரம். அது நொட்டை இது நொள்ளைன்னா நல்லாவா இருக்கும்? நீயும் சமாளிச்சேல்ல?" என்றார்.

"சமாளிச்சேனா? உங்க நல்ல பேருக்கு என் நெஞ்சுதான் கிடைச்சுதா?"

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

போட்டோக்காரர், "அம்மாவும் ஐயா பக்கத்துல நில்லுங்க" என்று அழைத்தார். அவள் காதில் வாங்காமல் வெளியே நடந்து, வந்த ஆட்டோவை நிறுத்தி, மகள் வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

சாயங்காலம் அவர் போன் செய்தார்.

"எப்ப வர்ற?"

"வரல."

"அப்ப ராத்திரி சாப்பாட்டுக்கு?" என்றார்.

அவள் போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.