வேலியோர வரிசை

பங்கு என்று சொல்லிப் பணம் வாங்கினால் பங்கைக் கண்ணில் காட்ட வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். அதற்கு அந்தப் பண்ணைக் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

என்னை அங்கே சேர்த்துவிட்டது என் மகள் சிஹெம். தெபூர்பா சாலையில் ரவ்தா என்ற பெண் காய்கறிப் பண்ணை வைத்திருக்கிறாள். செப்டம்பரிலேயே மொத்தப் பருவத்துக்கும் பணம் கட்டிவிட வேண்டும். பிறகு சனிக்கிழமை தோறும் போய் ஒரு கூடை எடுத்து வரலாம். என்ன விளைந்ததோ அது. நன்றாக விளைந்தால் கூடை நிறைய, புழு தின்றால் புழு வைத்த மிச்சம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லாரும் குனிந்து களையும் எடுக்க வேண்டும்.

பணத்தையும் கொடுத்து வேலையும் செய்வதா? நான் துனிஸ் மொத்தச் சந்தையில் நாற்பது வருஷம் பெட்டி தூக்கியவன். மேலே பளபளவென்று தக்காளி, அடியில் கூழ். அடியைப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் நம்பியதில்லை, எந்த மனுஷனையும் நம்பியதில்லை. முதல் சனிக்கிழமை என் கூடையை அப்படியே தரையில் கவிழ்த்தேன். டர்னிப், கேரட், கீரை. அடியில் இருந்ததும் நன்றாகவே இருந்தது. எனக்குச் சந்தேகம் கூடிவிட்டது.

"இதுல என் வரிசை எதும்மா?" என்று ரவ்தாவைக் கேட்டேன்.

"வரிசைன்னு ஒண்ணும் கிடையாது பெரியப்பா. மொத்தத்துலயும் உங்களுக்குப் பங்கு இருக்கு."

"மொத்தத்துலயும்னா ஒண்ணுத்துலயும் இல்லன்னு அர்த்தம். எனக்கா தெரியாது?"

அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். ரவ்தா மண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "சரி, உங்களுக்குப் பிடிச்சதைக் காட்டுங்க, வெச்சுக்குங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளாம். நான் விளையாடவில்லை. கன்னாரியாத் தோட்டத்தில் சாலையோரக் கடைசி வரிசையைக் காட்டினேன். கன்னாரியா என்றால் ஆர்ட்டிச்சோக். முள் வைத்த தாமரை மொட்டு மாதிரி இருக்கும். என் மனைவி சல்ஹா அதில் கொத்துக்கறி அடைத்துச் சமைத்தால் நான் யாரோடும் பேசமாட்டேன். அடுத்த வாரமே அவளுடைய பழைய சிவப்புத் தலைத்துணியைக் கிழித்து வரிசையின் இரண்டு முனையிலும் குச்சி நட்டுக் கட்டினேன்.

அந்த வரிசையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் மனூபாவிலிருந்து தெபூர்பா போகும் ஷேர் வேன் அந்த வழியாகத்தான் போகும். சனிக்கிழமை இல்லாத நாளிலும் வேனில் ஏறி ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். நடுவில் மறைத்தது சப்பாத்திக்கள்ளி வேலி ஒன்றுதான். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து அரிவாளால் நாலைந்து கள்ளியைச் சாய்த்தேன். என் சிவப்புத் துணி வேனிலிருந்து ஜோராகத் தெரிந்தது.

களை எடுக்கும் நாளில் என் வரிசையில் மட்டும் களை எடுத்தேன். ஒருமுறை மொன்ஜியா அதில் கை வைத்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், என் வயதுக்காரி. எல்லார் கூடைக்கும் பறித்துக்கொண்டிருந்தாளாம்.

"கையை எடு!" என்று கத்தினேன்.

"என்ன மெக்கி அண்ணே, உங்க வீட்டு அலமாரியையா தொறந்துட்டேன்?"

"அது என் வரிசை. துணி கட்டியிருக்கேன்ல?"

"அப்ப நேத்து உங்க வீட்டுல தின்ன கேரட்டு யாரு வரிசை?"

"அது வேற" என்றேன். எப்படி வேறு என்று அவள் கேட்பதற்குள் நகர்ந்துவிட்டேன்.

இப்படியிருக்க சிஹெமைப் பெண் கேட்டுக் கடற்கரை ஊரான பிஸர்த்திலிருந்து வந்தார்கள். பையன் நல்லவன். சம்பந்தி ஷெத்லிக்குச் சொந்தமாக மீன்பிடிப் படகு உண்டு; அதைப் பேச்சுக்குப் பேச்சு நமக்கு ஞாபகப்படுத்துவார்.

"நிச்சயதார்த்த விருந்துக்கு மீனு என் படகுலேர்ந்து வரும்" என்றார். "உங்க தரப்புல?"

"கன்னாரியா. என் சொந்த வரிசையிலேர்ந்து" என்றேன்.

"சொந்த நிலமா! சொல்லவே இல்லயே. சரி, பாத்துருவோம்."

அந்தப் "பாத்துருவோம்" எனக்குப் பிடிக்கவில்லை. விருந்து மார்ச்சில் ஒரு ஞாயிறு. ஆளுக்கு இரண்டு வீதம் முப்பது வேண்டும் என்றாள் சல்ஹா. என் வரிசையில் அதற்கு மேலேயே இருந்தது. முதல் நாள் சனிக்கிழமை பறிப்பதாக ஏற்பாடு.

அந்தச் சனிக்கிழமை காலை வேனிலிருந்து எட்டிப் பார்த்தேன். சிவப்புத் துணியைக் காணோம். செடியையும் காணோம்.

"பன்னி எறங்கியிருக்கு" என்றான் டிரைவர். "ஆத்தங்கரைப் பொதர்லேர்ந்து வந்து உழுதுட்டுப் போயிருக்கு பாருங்க."

உழுதுதான் இருந்தது. என் வரிசை முழுக்க, அடுத்த வரிசையில் பாதி. சல்ஹாவின் துணி சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது. பன்றியின் குளம்புத் தடம் எங்கிருந்து தொடங்குகிறது என்று நான் தேடவில்லை. தேட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

ரவ்தா கள்ளி வேலியின் ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என் தப்புதான் பெரியப்பா. வேலி சாஞ்சு கெடந்ததைப் பாக்காம விட்டுட்டேன். நாளைக்கு விருந்துன்னு வேற சொன்னீங்க."

கொட்டகைக்குப் போனோம். எல்லார் கூடையிலும் ஆறு ஆறு கன்னாரியா இருந்தது. என் கூடையிலும் ஆறு. வரிசையே போன பிறகு எனக்கு எதற்கு ஆறு என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் மொன்ஜியா தன் கூடையிலிருந்து நான்கை எடுத்து என் கூடையில் போட்டாள்.

"முறைக்காதீங்க அண்ணே. சிஹெமுக்குத்தான், உங்களுக்கு இல்ல."

பக்கத்தில் நின்ற ரொட்டிக்கடைக்காரன் ஐந்து போட்டான். பெயர் தெரியாத ஒரு கண்ணாடிக்காரி ஆறையும் போட்டுவிட்டு, "எங்க வீட்டுல எவனும் திங்கறதில்ல" என்று பொய் சொன்னாள். கூடை ஏறிக்கொண்டே போனது. முப்பதைத் தாண்டிவிட்டது. பேசாமல் தூக்கிக்கொண்டு நடந்திருக்கலாம். ரவ்தா ஓரமாக உட்கார்ந்து, அடைபட வேண்டிய ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும், நிறுத்துங்க" என்றேன். "வேலிய வெட்டினது நான்தான்."

"என்னது?" என்றாள் ரவ்தா.

"கள்ளிய வெட்டினேன். வேன்லேர்ந்து என் வரிசை தெரியணும்னு."

மொன்ஜியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பன்னிக்கு வாசல் வெச்சு, துணி கட்டி வழியும் காட்டியிருக்கீங்களே அண்ணே!"

கொட்டகையே அதிர்ந்தது. ரவ்தா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து மண்வெட்டியை என் கையில் திணித்தாள்.

"அடைச்சுட்டுக் கூடைய எடுத்துக்குங்க."

நியாயம். மத்தியானம் வரை கள்ளித் துண்டுகளை நட்டேன். உள்ளங்கை பூராவும் முள். பாதியில் ரவ்தா வந்து மறுபக்கத்தில் குழி தோண்ட ஆரம்பித்தாள். கொஞ்சம் கழித்து, "உண்மையிலேயே வேன்லேர்ந்தா பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள். கிளம்பும்போது சேற்றிலிருந்த துணியைக் கழுவி, கூடை வாயைச் சேர்த்துக் கட்டினேன். வேறு எதற்கும் அது தேவைப்படவில்லை.

ஞாயிறு விருந்தில் மீன் நன்றாகத்தான் இருந்தது. சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் ஷெத்லி நாலு கன்னாரியா தின்றுவிட்டு ஐந்தாவதை எடுத்தார்.

"இதுல உங்க வரிசை எது சம்பந்தி?"

"வேலியோரம். அது இந்த வருஷம் பன்னிக்குப் போயிருச்சு."

"பன்னிக்கா!" அவர் கை வாய்க்கு முன்னால் நின்றது. மேசைக்கு அடியில் சல்ஹா என் காலை மிதித்தாள். "அப்ப நாங்க திங்கறது?"

"மொன்ஜியா குடுத்தது, ரொட்டிக்கடைக்காரன் குடுத்தது, ஒரு கண்ணாடிக்காரி குடுத்தது." முழுக் கதையையும் சொன்னேன், அரிவாள் உள்பட. படகுக்காரர் இவ்வளவு சிரிப்பார் என்று நான் நினைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அங்க எனக்கும் ஒரு வரிசை கெடைக்குமா?"

"வரிசைன்னு ஒண்ணும் கெடையாது" என்றேன். "கூடைதான். மொத நாளு மட்டும் கவுத்துப் பாத்துக்குங்க."