கடைக்கு ஆகாத தொழில்

உலக்கை மூன்றாவது முறை உரலில் விழுந்ததும், கதவைத் திறந்துகொண்டு வந்த ஈமச்சடங்கு நிலையத்து வெள்ளைக்கார ஊழியர் கையை உயர்த்தினார். மேல்மாடியில் ஆட்கள் குடியிருக்கிறார்களாம், சத்தம் கூடாதாம். இன்னும் பன்னிரண்டு நிமிடத்தில் பெட்டியை மூடவேண்டுமாம்.

ராஜி அதை ஐயருக்குத் தமிழில் சொன்னாள்.

"பிரேதத்துக்கு வைக்கிற சுண்ணப்பொடி இடிக்காமல் என்னெண்டு பிள்ளை கிரியை செய்யிறது?"

"இடிச்சது காணும் ஐயா. அடுத்ததைச் செய்யுங்கோ."

பெட்டிக்குள் அப்பா கனகலிங்கம் கிடந்தார். வேட்டி கட்டத் தெரியாத யாரோ அதைத் துவாயைப் போலச் சுற்றிவிட்டிருந்தார்கள். குளிப்பாட்டவும் விடவில்லை. தரையில் தண்ணீர் சிந்தக்கூடாது என்பது இந்த இடத்துச் சட்டம். அம்மா தவமலர் வேட்டிக்கரையை இழுத்து நேராக்கப் பார்த்து, முடியாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

இப்படி நடக்கக்கூடாது என்றுதான் அப்பா லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு கடையை வாங்கினார். ஆஸ்பத்திரிப் பிணவறையில் பதினான்கு வருடம் வேலை செய்தவர். "எங்கட சனம் தங்கட ஆளைத் தாங்களே குளிப்பாட்டி, உடுத்தி, ஆறுதலா அழுதிட்டுப் போக ஒரு இடம் வேணும்" என்பார். கடையின் உறுதிப்பத்திரத்தில் 1927இல் எழுதிய நிபந்தனை ஒன்று இருந்தது: மீன் பொரிக்கக்கூடாது, தோல் பதனிடக்கூடாது, சவ அடக்கத் தொழில் நடத்தக்கூடாது. அந்த வரிசையின் மற்ற ஆறு கடைக்காரரும் சம்மதித்தால் நீக்கலாம் என்றார் லோயர்.

"அதுக்கென்ன, கேட்டால் தருவினம்" என்றார் அப்பா.

நான்கு வருடம் கடிதங்களை ராஜிதான் ரைப் செய்தாள். பூக்கடைக்காரி, துருக்கிச் சலூன்காரர் என்று ஐந்து பேர் கையெழுத்து வைத்தார்கள். வைக்காதவர் பக்கத்துப் பலசரக்குக்கடைப் பத்மநாதன் ஒருவர்தான். "பிரேதம் போற வாசலுக்குப் பக்கத்திலை ஆர் வந்து கத்தரிக்காய் வாங்குவினம்?" என்று கேட்டார். கடைசியில் நிபந்தனையை நீக்கச் சொல்லி அப்பா தீர்ப்பாயத்துக்கு மனுப் போட்டார். விசாரணைக்கு மூன்று கிழமை இருக்க, பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

தகன மண்டபத்தில் அரைமணி நேரம் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது பத்மநாதன் அழுதுகொண்டு நின்றார்.

"அண்ணை தங்கமான மனுசன், பிள்ளை. ஒரு மனுசரை இப்பிடி அவசரப்பட்டு அனுப்பக்கூடாது. இண்டைக்குத்தான் கண்ணாலை பார்த்தன். அவர் கேட்டது சரிதான்."

ராஜி கைப்பையைத் துழாவி ஒரு பழைய கடித உறையையும் பேனாவையும் எடுத்தாள்.

"இதிலை எழுதித் தாங்கோ, அங்கிள். ஆட்சேபணை இல்லை எண்டு ஒரு வரி காணும்."

அவர் பேனாவைப் பார்த்தார். "இப்பவோ?"

"ஓம்."

"இது செத்தவீட்டிலை கதைக்கிற கதையே? வீட்டிலை மனுசியிட்டையும் ஒரு சொல் கேக்கோணும். எட்டாம் நாள் எட்டுச்செலவு முடியட்டும், ஆறுதலாக் கதைப்பம்."

"நாலு வருசமா ஆறுதலாத்தானே கதைச்சனீங்கள்."

மழை தூறத் தொடங்கியது. பத்மநாதன் தம் குடையை விரித்து, தவமலரின் தலைக்கு மேல் பிடித்தபடி கார்வரைக்கும் மெதுவாகக் கூட்டிப்போனார். அவருடைய கோட்டின் ஒரு தோள் நனைந்து கறுத்தது.

ராஜி இரண்டடி தள்ளி, மழையில் நடந்தாள்.