நூற்றிருபத்தெட்டு எழுதிய பலகை

இந்தக் காலத்தில் வயிறு வலித்தால் வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆளில்லை. நம்பர் சொல்கிறார்கள். பெட்பான் கழுவியவனைக் கூப்பிட்டு நாற்காலி போட்டுக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

பீர் முஹம்மதைத்தான் சொல்கிறேன். லஸ் பக்கம் இருபது கட்டில் போட்ட தர்ம ஆஸ்பத்திரியில் அவனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பத்தொன்பது வருஷம் ஒரே தொட்டியில் பெட்பான் கழுவினோம். நடுவில் அவன் எழுத்தும் இலக்கமும் கற்றுக்கொண்டிருக்கிறான். யாரிடம், எப்போது என்று என்னிடம் மூச்சுவிடவில்லை. போன வருஷம் டாக்டர் அவனை ரிஜிஸ்டர் எழுத உட்கார வைத்தார்.

சீமையிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு நம்பர். டாக்டர் வியாதியைச் சொன்னால் பீர் அதில் தேடி, நம்பரை ரிஜிஸ்டரில் எழுதுவான். கட்டில் கால்மாட்டில் தொங்கும் சிலேட்டுப் பலகையிலும் சாக்கட்டியால் எழுதுவான். சமையற்கட்டு ஆள் நம்பரைப் பார்த்துச் சாப்பாடு போடுவான். பலகை காலியாக இருந்தால் கஞ்சி.

முன்பெல்லாம் அதற்கு என் வாய்தான். "பொன்னுரங்கம், நாலாம் கட்டில் எப்படி?" என்று டாக்டர் வாசலிலேயே கேட்பார். நான் சொன்னதுதான் நோயாளிக்குச் சாப்பாடு. இப்போது என்னைத் தூணைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் பீரிடம் போகிறார்.

ஆடி மாதம் அடையாற்றுப் படகுக்காரன் தங்கவேலைத் தூக்கிவந்தார்கள். மேல்வயிற்றில் வலி. படுக்க முடியாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்தே கிடந்தான். வாந்தி நிற்கவில்லை.

"முதுவு வரிக்கும் குத்திக்கினு போவுது நைனா" என்றான்.

"கள்ளு குடிச்சியா?" என்று கேட்டேன்.

பெண்சாதி முனியம்மாள் முந்திக்கொண்டாள். "எப்ப குடிக்கலன்னு கேளு!"

டாக்டர் அழுத்திப் பார்த்தார், மூத்திரத்தைச் சோதித்தார். "கணையம் வீங்கிண்டிருக்கு. வாய் வழியா ஒண்ணும் போகப்படாது, தண்ணிகூட" என்று ஊசி போட்டார். பீர் பட்டியலைப் புரட்டி, பலகையில் நூற்றிருபத்தெட்டு என்று எழுதினான். அந்த நம்பருக்குச் சாப்பாடு கிடையாது.

அடுத்த கட்டிலில் ஒரு தையல்காரர். அவருக்கும் வயிற்று வலிதான், அதே முனகல்தான். அவர் பலகையில் வேறு நம்பர். விளக்கெண்ணெய் குடித்தார், கஞ்சி குடித்தார், மறுநாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் நாள் தங்கவேலுக்கு வலி தணிந்து பசி எடுத்தது. "பட்டினி போட்டே சாவடிச்சிடுவீங்களா?" என்று முனியம்மாள் அழுதாள். நான் பீரிடம் போனேன்.

"ஏன்டா பீரு, தையல்காரனுக்கு மட்டும் வயிறு, இவனுக்கு இன்னா பானையா?"

"அது வேற நம்பர், ரங்கா. இதுல சோறு உள்ள போனா வீக்கம் மறுபடி பொங்கும்னு டாக்டர் சொன்னாரு."

"என்னாண்ட சொல்லலியே."

"நீ இன்னும் கேக்கவே இல்லியே. மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு சுத்துற."

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. அவன் அந்தப் பக்கம் போனதும் தோளில் கிடந்த சிவப்புத் துண்டால் பலகையைத் துடைத்துவிட்டேன். முனியம்மாள் அழுததற்காகச் செய்தேன் என்று சொன்னால் நம்புவீர்கள். அதற்காக இல்லை. தங்கவேல் கஞ்சி குடித்து எழுந்து நடந்தால் டாக்டர் மறுபடியும் என்னைக் கேட்பார். அதற்காகத்தான்.

கஞ்சி வந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு என்னைக் கும்பிட்டான். மத்தியானம் மூன்று மணிக்கு அவன் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். உடம்பெல்லாம் சில்லிட்டு வியர்த்தது. டாக்டர் ஓடிவந்தார்.

"யார் கஞ்சி குடுத்தது?"

"பலகை காலியா இருந்துச்சு சாமி" என்றான் சமையற்கட்டு ஆள்.

டாக்டர் பீரைப் பார்த்தார். பீர் என் துண்டைப் பார்த்தான். சிவப்பில் சாக்கட்டி வெள்ளை வெளேரென்று ஒட்டியிருந்தது.

"காலையில நம்பர் இருந்துச்சு சார். அப்புறம் பாக்கல. பாத்திருக்கணும்."

வார்டு பூராவும் கேட்கும்படி டாக்டர் அவனைத் திட்டினார். எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? "இனிமே ரெண்டு வேளையும் எல்லாப் பலகையையும் நீயே பார். இன்னொருத்தரை நம்பாதே." திட்டு வாங்கியும் அவனுக்குத்தான் அதிகாரம் கூடியது.

பத்து நாள் ஊசியிலும் நரம்பில் ஏற்றிய உப்பு நீரிலும் கிடந்து தங்கவேல் பிழைத்தான். போகிற அன்று முனியம்மாள் பீரின் மேஜைக்கு முன்னால் நின்று இரண்டு கையும் தூக்கிக் கும்பிட்டாள். வாளியோடு நின்ற என்னை நகரச் சொன்னாள்.

அவர்கள் போனதும் பீர் தலை நிமிராமல் சொன்னான்: "துண்ட தோய்ச்சிடு ரங்கா. சாக்கட்டி இன்னும் கீது."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

"இன்னாத்த சொல்றது? குடிகாரனுக்கு வலி தானா வரும், தானா போவும். கஞ்சியா பண்ணுச்சு?"

அவன் பட்டியலைத் திறந்து அடுத்த ஆளுக்கு நம்பர் தேட ஆரம்பித்தான். அந்த நிதானம் எனக்கு வருமா? வராது. அதுதான் வயிற்றெரிச்சல், அதற்கும் பட்டியலில் ஒரு நம்பர் வைத்திருப்பான்.

வாளியைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தேன். தையல்காரர் கஞ்சி குடித்துவிட்டு நடந்தே போனாரா இல்லையா? அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.